மாலை வகுப்புக்கு வந்தவர்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் உனக்கு எப்போதும் அவசரம், எனக்கோ நீ வைத்த பிறகுதான் பேச்சு வருகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். அம்மா போனபின் வீட்டில் சத்தம் என்றால் பிரிட்ஜ் உறுமுவதுதான். ஒருத்தனுக்குச் சமைப்பது பெரிய இம்சை, எப்படிப் போட்டாலும் உப்புக் கூடிவிடுகிறது.

பள்ளி விஷயம் சொல்ல வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று இந்த வருஷம் எங்களுக்குக் கூடுதல் நிதி வந்திருக்கிறது. தலைமையாசிரியை சுவருக்கு வண்ணம் அடித்துப் படம் வரையலாம் என்றார். நான் விடவில்லை, வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பால், பிஸ்கட்டோடு ஒரு வகுப்பு வைக்கலாம், நானே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மல்லுக்கு நின்றேன். சரி சார், மாசக் கடைசி வரைக்கும் பாப்போம், பிள்ளைங்க வரலேன்னா பெயிண்ட்தான் என்றார். அதோடு விட்டாரா, காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, ஏழைப் பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் இருந்துவிட்டுப் போங்கள் என்று அறிவித்துவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் அப்படி ஊரறியச் சொன்னபின் எந்தப் பிள்ளை வரும்? ஈ காக்கா கூட வரவில்லை. தினமும் விளக்கைப் போட்டுவிட்டுக் காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பால் ஆறி ஆடை படிந்துவிடும். உள்ளதைச் சொன்னால், வீட்டில் இருப்பதற்கு இது தேவலை என்று தோன்றியது, அப்படித் தோன்றியதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாசக் கடைசி நெருங்கும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். வாய் ஓயாது, அதனால் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு ஒற்றை அறை வீடு, இரவு வேலைக்குப் போகிற அவள் அம்மா சாயங்காலம் தூங்குவாள், விளக்குப் போட முடியாது. ஏன் சார் வீட்டுக்குப் போகலையா என்றாள். போனா அங்க யாரு இருக்கா, மெதுவா போறேன் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் அவள் பின்னால் ஒரு கும்பலே வந்து நின்றது, எல்லாம் நான் நினைத்துவைத்திருந்த பிள்ளைகள்தான். பாலைக் குடித்தார்கள், சண்டை போட்டார்கள், கணக்கும் போட்டார்கள். எப்படிம்மா கூட்டிட்டு வந்தே என்று அவளைத் தனியாகக் கேட்டேன். சாருக்கு வீட்ல யாரும் இல்லையாம், பாவம் தனியா உக்காந்திருக்காரு, கொஞ்ச நேரம் கூட இருந்துட்டு வரலாம்னு சொன்னேன் சார் என்றாள். அவளுக்கு இன்னொரு டம்ளர் பால் ஊற்றிக் கொடுத்தேன். தலைமையாசிரியையிடம், படிக்கத்தான் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். வகுப்பு இனி வருஷம் முழுக்க உண்டு.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இரண்டு பேரும் நூறு வயசு ஒற்றுமையாக இருக்க வேண்டும். இனிமேல் சாயங்காலம் கூப்பிட்டால் நான் கிடைக்க மாட்டேன், பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பள்ளி கிடையாது. அன்றைக்கு மறக்காமல் கூப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா