திங்கட்கிழமை மூச்சு

மச்சான்,

இன்று காலை ஜீவனஹள்ளியில் நம் தெருவில் ஒருவன் மெத்தைக்குப் பஞ்சு அடித்தான். ஒரு இழை பறந்து வந்து என் மீசையில் உட்கார்ந்தது. உடனே உன் இருமல் கேட்டது. நீ போய் மூன்று வருடம் ஆகியும் என் காதுக்குள்தான் இருமுகிறாய்.

மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷின்களில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மற்ற நாளெல்லாம் சரியாக இருப்பாய். திங்கட்கிழமை பொழுது சாய்ந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். மேஸ்திரி ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பான்: “ஏனப்பா, நேத்து போட்டது இன்னும் எறங்கலியா?” எல்லோரும் சிரிப்போம். நானும்தான். சோடாவைத் தவிர எதையும் தொடாதவன் நீ. குடிகாரன் என்று எழுதி வெளியே தள்ளினான். உன்னைக் கட்டிய என் தங்கச்சிகூட ஞாயிறானால் உன் வாயை மோந்து பார்த்தாள். அந்தப் பேரோடே போய்ச் சேர்ந்தாய்.

போன வருடம் ஒரு டாக்டரம்மா ஊதுகிற கருவியோடு வந்தார். வேலை ஆளை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சியாம். திங்கட்கிழமை உள்ளே போகும்போது ஒரு ஊது, வெளியே வரும்போது ஒரு ஊது. காலையில் நான் ஊதியதில் கருவி சுவரில் போய் முட்டியது, சத்தியம். சாயங்காலம் பாதிதான் வந்தது.

“கருவி கெட்டுப்போச்சும்மா. இல்லேன்னா, திங்கக்கெழம மூச்சு வாங்கினா குடிதான்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு.”

“குடின்னா காலையிலயே கொறஞ்சிருக்கணுமே! இது பஞ்சுத் தூசு. ஒருநாள் லீவு விட்டு வந்தா மொத நாள்தான் நெஞ்ச இறுக்கும்.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. காலையில் மீசையை முறுக்கிக்கொண்டு ஊதின மேஸ்திரியை மறுபடி இழுத்து வந்தேன். ஊதினான். முள் பாதியிலேயே நின்றது. எல்லோர் எதிரிலும் கேட்டேன்: “ஏனப்பா மேஸ்திரி, நேத்து போட்டது இன்னும் எறங்கலியா?” சிரித்த சிரிப்பில் அல்சூர் ஏரியில் கொக்கெல்லாம் எழுந்து பறந்ததாம்.

அப்படியே அவனைத் தங்கச்சி வாசலுக்கு நடத்திப் போனேன். “அவன் குடிக்கலம்மா” என்று சொல்லவைத்தேன்.

“அவரு இருக்கும்போது யாராவது சொல்லியிருந்தா நான் மோந்தே பாத்திருக்க மாட்டேனே, அண்ணே.” என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், மேஸ்திரியை அல்ல.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததில் தூசு இழுக்கும் ஃபேன் வரப்போகிறதாம். வரட்டும். நான் மேஸ்திரியை இன்னும் விடவில்லை. திங்கள்தோறும் சாயங்காலம் மில் கேட்டில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறேன். அந்த நேரத்தில் எனக்கும் அரை மூச்சுதான் மச்சான். அந்த அரையை வேறு எதற்கும் செலவழிப்பதில்லை.