முந்தின மண்டே

ஜூன் 10, செவ்வாய்
காலையில் தூறல். பெங்களூர் பொம்மசந்திரா முழுக்கச் சேறு. என் ரிப்பேர் ஷெட்டில் ஏற்கெனவே நான்கு ட்ரெய்லர், ஐந்தாவதாக ரங்கப்பாவுடையது. நாற்பதடி, மூன்று ஆக்சில். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. இருப்பதே இந்த ஒன்றுதான். பிரேக்கில் சத்தமாம். எஃப்சி, அதான் ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி வாங்கும் தகுதிச் சான்று, எப்போது என்று கேட்டேன். கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் சொன்னார்: "முந்தின மண்டே மேடம்."

ஜாப் கார்டில் எழுதினேன்: எஃப்சி போன திங்கள் முடிந்தது. அவசரமில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கவும்.

மதியம் எலுமிச்சை சாதம். உப்பு போட மறந்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்
வெயில். பிரேக் மிஸ்திரி முஸ்தபா பாய்க்கு 'அவசரமில்லை' என்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. ஆறு ஹப்பும் கழற்றியாச்சு. வண்டி சக்கரமில்லாமல் ஸ்டாண்டு மேல். "ரெண்டு பேரிங்ல கிரீஸே இல்ல மேடம். இன்னொரு ட்ரிப் போயிருந்தா சக்கரம் தனியா ஓசூர் போயிருக்கும்."

பழைய பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் சுரண்டச் சொன்னேன். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிற உற்சாகம் எனக்கு.

ஜூன் 13, வெள்ளி
நாலு மணி. ரங்கப்பா, கையில் புது நம்பர் பிளேட். வண்டியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மேடம் இது? மண்டே எஃப்சி இருக்கு."

"முந்தின மண்டேன்னீங்களே. அது போயிடுச்சே."

"போகல மேடம், வருது. தமிழ்லயேதான சொன்னேன்."

பாய் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார். "கன்னடத்துல முந்தினன்னா அடுத்தது மேடம்."

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். அங்கே எங்கள் தெருவுக்குத் தமிழே போதும். என் கன்னடம் பஸ் கண்டக்டரோடு முடிந்துவிடும். ஆனால் பேப்பரை வாங்கிப் பார்க்காதது என் தப்பு. பழைய எஃப்சி திங்களோடு தீர்கிறது. தவறினால் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. செவ்வாய்க்கு சென்னை லோடு வேறு ஒத்துக்கொண்டிருக்கிறார். மனுஷன் திட்டவில்லை, நம்பர் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 14, சனி
மழை. பாக்கி: லைனிங், பேரிங், ஏர் லீக், டெயில் லாம்ப், பெயிண்ட், ஸ்டிக்கர். அதாவது எல்லாம்.

ஒரு பேரிங் தேய்ந்துவிட்டது. சந்தாபுரா கடையில் கடைசிப் பீஸ், ஆட்டோவில் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ரங்கப்பா கிரீஸ் அடைத்தார். நான் சுடிதார் மேல் பாயின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். முதல் துண்டே கோணல். "பரவால்ல மேடம், ஆபீசர் கழுத்தச் சாய்ச்சுப் பாத்துக்குவாரு" என்றார் பாய்.

நாளைக்கும் வருகிறேன் என்று தானாகவே சொன்னார். ஞாயிறு அவர் பிரியாணி நாள். நல்ல மனுஷன்.

ஜூன் 16, திங்கள்
வானம் தெளிவு. ஆறரைக்கு வண்டி கிளம்பியது. பதினொன்றரை வரை ஃபோன் இல்லை. மூன்று டீ. கடைசியில் ரங்கப்பா: "பாஸ் மேடம். பிரேக் எங்க செஞ்சீங்கன்னு கேட்டாங்க." கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாய்க்குக் காட்டவில்லை.

மூன்று மணிக்கு ரங்கப்பா மைசூர்பாகோடு வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தமாம்.

"முந்தின சண்டே மேடம். எல்லாரும் வரணும்."

சுவர் காலண்டரைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். சிரித்துக்கொண்டே ஒரு தேதி மேல் விரலை அழுத்தினார். கிரீஸ் விரல். இப்போது அந்தத் தேதியே தெரியவில்லை.