குங்குமம் வைத்த ஸ்டிக்கர்

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

காலையிலிருந்து ஆக்சிஜன் மெஷின் கத்திக்கொண்டே இருக்கிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. காற்று வருகிறது, அதில் போதுமான ஆக்சிஜன் இல்லையாம். இருபத்தைந்து வருடம் பவர்லூம் பஞ்சைச் சுவாசித்த நுரையீரல் என் வீட்டுக்காரருடையது. இந்த மெஷின் இல்லாமல் அவரால் பாத்ரூம்வரைகூட நடக்க முடியாது. வாங்கி எட்டு மாதம்தான், வாரண்டி மூன்று வருடம். அதனால் முதலில் பயப்படவில்லை.

மதியம், மெஷின் வாங்கிய திருப்பதி கடையிலிருந்து மெக்கானிக் வந்தான். "வாரண்டி இருக்குதில்ல, புதுசே குடுத்துருவாங்க" என்றான். போட்டோ எடுக்கக் குனிந்தவன், "சீரியல் நம்பர் எங்கக்கா?" என்றான்.

ஆயுத பூஜை அன்று நான்தான்... நகரியில் தறி ஓடும் வீட்டில் பொட்டு வைக்காத மெஷின் உண்டா? நாலு தறிக்கும் முன்னால் இதற்குத்தான் வைத்தேன், அவருக்கு மூச்சு கொடுப்பது இதுதானே என்று. வெள்ளை ஸ்டிக்கர் மேல் சந்தனமும் குங்குமமும் லட்சணமாக இருந்தது. மறுநாள் ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்தேன். குங்குமத்தோடு நம்பரும் போய்விட்டது. சே, எங்கே போச்சு என் புத்தி?

அக்டோபர் 16, வியாழன்

திருப்பதிக்குப் போனேன். கடை மேனேஜர் சுரேஷ்பாபு, "நம்பர் லேது, இல்லம்மா. ஸ்டிக்கரை அழிச்சிட்டா வாரண்டி போச்சு, ரூல்ஸ் அப்படி" என்கிறார். பில்லைக் காட்டினேன். அதில் நம்பர் இல்லை. வாரண்டி அட்டையைக் காட்டினேன். கடை சீல் இருக்கிறது, நம்பர் எழுதும் கட்டம் காலி.

"இத ரொப்ப வேண்டியது நீங்கதானே சார்?"

"நீங்க வாங்கும்போதே பாத்துக் கேட்டிருக்கணும்."

வாங்கும்போது அவருக்கு உதடெல்லாம் நீலம். அப்ப நான் கட்டம் காலியா இருக்குதா, ரொம்பியிருக்குதான்னா பாத்துக்கினு நிப்பேன்!

அக்டோபர் 17, வெள்ளி

வாடகை சிலிண்டர் வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் அதை மூடிவைக்கிறார், மிச்சம் பிடிக்கிறாராம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் புகை. ஜன்னல் இடுக்கிலும் கதவிடுக்கிலும் ஈரத்துணி அடைத்தேன். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் அவரால் பேச முடிகிறது. "நீ போய் — ஒரு வாய் — துன்னு." இதைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம். சமையலறைக்குப் போய் அழுதேன்.

அக்டோபர் 23, வியாழன்

சித்தூர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். மனு எழுதிக் கொடுத்தவர் ஆதிநாராயணன், ரிட்டையர்டு குமாஸ்தா. "வக்கீல் வேணாம்மா, நீயே பேசலாம். ஸ்டிக்கர் அழிஞ்சா மெஷின் வேற மெஷின் ஆயிடுமா? அட்டைய ரொப்பாதது அவுங்க தப்பு. கேஸ் முடியற வரிக்கும் ஒரு மெஷின் குடுக்கச் சொல்லி இடைக்கால மனுவும் சேத்துட்டேன்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது, பல நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

அக்டோபர் 30, வியாழன்

கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் சொல்ல அவர்களுக்கு முப்பது நாள். சட்டம் அப்படித்தானாம். இடைக்கால மனுவை நவம்பர் பதினெட்டில் எடுப்பார்கள். மூச்சுக்கு யார் வாய்தா கொடுப்பார்கள்?

நவம்பர் 9, ஞாயிறு

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அடுத்தது வருவதற்குள் அவருக்குக் கண் சொருகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆட்டோவில் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்ததே, அப்போது நான் செத்துவிட்டேன். கடவுளே, பொட்டு வெச்சதுக்கா இது? ஒனக்குத்தானே வெச்சேன்!

நவம்பர் 11, செவ்வாய்

வீட்டுக்கு அழைத்து வந்தேன். சுரேஷ்பாபு போன் செய்தார். நாளைக்கே புது மெஷின் தருகிறாராம். கேஸை வாபஸ் வாங்க வேண்டும். கோளாறுக்கு என் தவறுதான் காரணம், கடைமேல் குற்றமில்லை என்று கையெழுத்தும் போட வேண்டும்.

ஆதிநாராயணனைக் கேட்டேன். "போடாதேம்மா. நோட்டீஸப் பாத்து பயந்துக்கினாங்க. இன்னும் ஏழே நாள். கண்டிப்பா கெலிப்போம்."

ஏழு நாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, புதன்

போட்டேன்.

நவம்பர் 15, சனி

மூன்று நாளாகப் புது மெஷின் ஓடுகிறது. பச்சை விளக்கு. கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். இன்று அவரே எழுந்துபோய், எதையோ தேடும்போது எடுத்துப் படித்துவிட்டார்.

"இன்னாடி இது, அவன் மெஷின் கெட்டதுக்கு நம்ம தப்புன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வந்துகிற, ஏழு நாள் பொறுத்திருந்தா கேஸ்ல கெலிச்சிருப்போமில்ல, மானங்கெட்டுப் போயி இப்பிடியா எழுதிக் குடுப்பாங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நடுவில் ஓரிடத்தில்கூட மூச்சு வாங்க நிற்கவில்லை.

இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.