பேனரில் மாப்பிள்ளை

அன்புள்ள அபி,

ஆமாம், பேனரில் விஷ்ணுவின் படமும் இருக்கிறது. உனக்கு வலப்பக்கம், உங்கள் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. பேனர் வைத்தது உன் சித்தப்பா பரந்தாமன். ஏன் என்று கேட்டேன். "மாப்ள இல்லாம பொண்ண மட்டும் வெச்சா ஊர்ல நாலு விதமா பேசுவாங்க அண்ணி" என்றார். நீங்கள் பிரிந்து ஒரு வருடமாகிறது என்று தெரியாதவர் வேறு என்ன சொல்வார்.

இங்கே இருவரும் சுகம். வெயில்தான். லண்டனில் நீ சரியாகத் தூங்குகிறாயா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் செய்தியில் வருகிறது. ஆல்பம் எட்டு நாடுகளில் முதலிடம், தனியாக வெளியிட்ட மூன்று பாட்டும் பிரிட்டனில் முதல் பத்துக்குள். பரந்தாமன் பேனரில் அத்தனை நாட்டுக் கொடியும் போட்டிருக்கிறார். ஒன்று கூடுதல். எந்த நாடு என்று அவருக்கே தெரியவில்லை. "இருக்கட்டும் அண்ணி, அடுத்த வாரம் அங்கயும் வந்துடும்" என்கிறார். பாட்டுகள் நன்றாக இருக்கின்றன. ஐந்தாவது மட்டும் நீளம். திருப்பதி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் டீக்கடையில் அதைக் கேட்டுக் காலால் தாளம் போடுகிறார்கள். உன் நைனா இரண்டாவது பாட்டை ரிங்டோனாக வைத்திருக்கிறார். சாவியை மேஜையில் வைத்துவிட்டேன், இனி இந்த வீட்டில் என் குரல் இல்லை என்று நீ பாடும் இடம். அவருக்கு ஆங்கிலம் புரியாது. பாட்டு முடியட்டும் என்று போனை உடனே எடுப்பதில்லை. நேற்று, "இன்னா பாடுது தேவயானி, குஷியாத்தான கீது?" என்றார். ஆங் என்றேன்.

உலகம் கேட்டுவிட்டது. அவருக்குத் தெரியாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர், சொல்லாதே என்றாய், சரி என்றேன். இப்போது பேனரை இறக்கச் சொல்கிறாய். காரணம் சொல்லாமல் இறக்க முடியாது. போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அதனால் கடிதம்.

முருகன் துணை இருப்பான். எந்த ஊரில் பாடினாலும் நல்லபடியாக இரு. வெறும் வயிற்றோடு மேடை ஏறாதே.

உன் அம்மா,
தேவயானி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் எழுந்து போய் அந்தப் பாட்டை நைனாவுக்குத் தமிழில் சொன்னேன், கடைசி வரி வரை. "எவ்ளோ நாளா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பிறகு பரந்தாமனைக் கூப்பிட்டு வேறு பேனர் அடிக்கச் சொன்னார். "எம் பொண்ணு படம் மட்டும் போதும்டா" என்றார். நான் போய் உலை வைத்தேன்.