மீட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலியும் எனக்கு வாய்த்துடுக்கும் எப்போதும் போல இருக்கின்றன, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை கிஷனும் வயிற்றில் இருக்கும் எங்கள் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மா சத்தமாகவே வேண்டிக்கொள்கிறாள், பக்கத்து வீட்டுக்கே கேட்கும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் கத்துகிறேன், நான் கத்தினால் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், விஷயம் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன், குறுக்கே பேச முடியாது பார். ஆயுத பூசை அன்று ராத்திரி ‘வேலைய விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கப்பா’ என்று நீ கூப்பிட்டாய், நானும் ‘சரிம்மா, வந்துடுறோம்’ என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபப்படாமல் முழுதும் படி, பிறகு திட்டு.

உன் சித்தி உனக்குச் சொன்ன கதையில் நான் ஆஸ்பத்திரி மெஷினை உடைத்தேன், ஒரு கிழவி சாகக் கிடந்தாள், போலீஸ் வந்தது என்றெல்லாம் இருந்ததாமே. அவளை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருந்தால் ஹெலிகாப்டரும் வந்திருக்கும். நடந்ததை நான் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் என் வேலை என்னவென்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், நான் தள்ளுவண்டி தள்ளுகிறேன் என்பதற்கு மேல் நீயும் கேட்டதில்லை நானும் சொன்னதில்லை. ஒவ்வொரு வார்டிலும் கையகலத்தில் ஒன்றோ இரண்டோ மீட்டர் இருக்கும், மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நோயாளியின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைத்தால், லேப்புக்கு அனுப்பிக் காத்திருக்காமல் கட்டில் பக்கத்திலேயே சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடும். எமர்ஜென்சியில் இதைவிடப் பெரிய மெஷின், மூச்சு முட்டி வருகிறவர்களின் ரத்தத்தைப் பார்ப்பதற்கு. நான் யாரையும் குத்துவதில்லை, அது மிஸ்ஸிகளின் வேலை. அந்த மெஷின்கள் உண்மை பேசுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. இதில் இவ்வளவு சர்க்கரை என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு தண்ணீர் சின்னக் குப்பியில் வரும், கண்ட்ரோல் என்பார்கள், அதைத் தினமும் மீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், சொல்ல வேண்டிய எண்ணைச் சொல்லவில்லை என்றால் அந்த மீட்டர் என்னோடு கீழே வந்துவிடும். ஸ்ட்ரிப் தேதி கடந்துவிட்டதா, குப்பி மூடி சரியாக இருக்கிறதா, பேட்டரி நிற்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். லோரி எடுக்கும் முன் எண்ணெய், தண்ணீர், டயர் பார்ப்பதைப் போலத்தான்.

லோரி என்றதும் உனக்குத் தெரியும், போர்ட் கிள்ளானிலிருந்து செலாயாங், செமினி என்று கொண்டெய்னர் இழுத்தே உன்னைப் படிக்க வைத்தவன் நான். சர்க்கரை வலது கண்ணில் இறங்கி, இனி பெரிய லோரி லைசன்ஸ் கிடையாது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் உட்கார்ந்து டி.வி.யோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துப் பார்த்து அழுதாள், உனக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பிறகு என்னோடு லோரி ஓட்டிய லோகன்தான் இந்த ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று இழுத்துக்கொண்டு போனான். எங்கள் பிரிவுக்குப் பெரியவர் ஹபீபா, பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், உன் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டர் தெரியுமா என்றார், தெரியாது என்றேன், சொல்லிக் கொடுத்தால் கேட்பீர்களா என்றார், உன் அம்மா சொன்னாலே கேட்க மாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது ஆயுத பூசை வந்தது. லோரி இருந்த காலத்தில் அன்றைக்கு நான் எப்படி இருப்பேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த வருஷம் லோரி இல்லை, ஆனால் தொழில் இருக்கிறதே, சும்மா விட மனசு கேட்கவில்லை. தெங்கு கிளானா தெருக் கடையில் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் வருவதற்கு முன் ஸ்டோர் அறைக்குப் போய்த் தள்ளுவண்டிக்குப் பெரிய பொட்டாக வைத்தேன், சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து உருட்டி நசுக்கினேன், துடைத்து வார்டுக்குத் தயாராக வைத்திருந்த மீட்டர்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு. மீட்டரின் தலைப்பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு, அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் வரும், எனக்கு அது நெற்றிக்கண்ணாகத் தெரிந்தது, சரியாக அங்கேயே வைத்தேன். உன் அப்பன் புத்தியைப் பார். நோயாளி கையில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ள கோடுகளைப் படித்து இன்னார் என்று தெரிந்துகொள்வது அந்தக் கண்தான். கற்பூரம் ஏற்றவில்லை, அந்த மட்டுக்கு அறிவு இருந்தது, ஏற்றியிருந்தால் தீயணைக்கிற பொம்பா வண்டியே வந்திருக்கும், உன் சித்தி கதையும் உண்மையாகியிருக்கும். கும்பிட்டுவிட்டு டிஷ்யூவால் எல்லாவற்றையும் துடைத்தேன். ஒரு மீட்டரில் மட்டும் கண்ணாடி மேல் சந்தனம் காய்ந்து படிந்திருந்ததை நான் பார்க்கவில்லை, என் கண் பழைய கண்ணா என்ன.

அந்த மீட்டர் பெண்கள் வார்டுக்குப் போனது. அங்கே கேரி தீவிலிருந்து வந்து படுத்திருந்த நல்லம்மாள் என்ற அம்மாவுக்கு மத்தியானம் உடம்பு வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மலர் என்ற மிஸ்ஸி மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினால் கைப்பட்டையை அது படிக்கவே இல்லை. படிக்காமல் அந்த மீட்டர் திறக்காது, ஒருவருடைய முடிவு இன்னொருவர் பெயரில் போய்விடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். தட்டிப் பார்த்து, துடைத்துப் பார்த்து, கடைசியில் அடுத்த வார்டுக்கு ஓடி வேறு மீட்டர் வாங்கி வந்திருக்கிறாள். சர்க்கரை ரொம்பக் கீழே இறங்கியிருந்தது, உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள், அந்த அம்மா தெளிந்துவிட்டார். ஆனால் அந்த ஓட்டத்துக்குள் எதுவும் நடந்திருக்கலாம் அமுதா.

மீட்டர் ஹபீபா மேசைக்கு வந்தது. முகர்ந்து பார்த்தார், என்னைக் கூப்பிட்டு ‘அங்கிள், இது சந்தனம்தானே’ என்றார். எனக்கு எதற்குக் கோபம் வந்ததோ, ‘ஆமா, ஆயுத பூசைக்கு வெச்சேன், சந்தனம் என்ன வெஷமா, கோயில்ல நெத்தியில வெக்கறதுதானே’ என்று எகிறினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. நல்லம்மாளுக்கு நடந்ததைச் சொன்னார். ‘எங்க வாப்பாவும் கடை திறந்தா மொதல்ல சாம்பிராணிதான் போடுவாரு அங்கிள், நான் அதையெல்லாம் கொறை சொல்லல. ஆனா ஒரு பேஷண்ட் கிட்டருந்து இன்னொரு பேஷண்ட் கிட்ட போற சாமான் இது, இதுல நம்ம இஷ்டத்துக்கு எதையும் தடவுறது தாக் போலே லா, கூடவே கூடாது’ என்றார். ரிப்போர்ட் எழுதியே ஆக வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் என்னை நிரந்தரம் ஆக்குவதாக இருந்தது, அது சந்தேகமாகிவிட்டது. மீட்டரைத் திறக்கிற என் பேட்ஜையும் அப்போதே முடக்கிவிட்டார்கள், பெட்டி தூக்கலாம், மெஷினைத் தொடக் கூடாது.

சாயங்காலம் பார்வை நேரத்தில் நல்லம்மாளைப் பார்க்கப் போனேன். பழம் வாங்கிப் போகலாம் என்றால் சர்க்கரைக்காரர், வெறுங்கையோடுதான் போனேன். மெலிந்த உடம்பு, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த கை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான்தான் அந்த மெஷினுக்குப் பொட்டு வைத்தவன், மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘என் மவன் காடிக்கு நானுந்தான்யா வருஷா வருஷம் பொட்டு வெக்கிறேன். முன்கண்ணாடியிலயா வெப்பேன்? அப்புறம் அவன் ரோட்ட எப்படிப் பாப்பான்?’ என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் லிஃப்டில் தனியாக இறங்கும்போது அழுகை வந்துவிட்டது. அன்று ராத்திரிதான் நீ கூப்பிட்டாய். அந்த மனநிலையில் செவ்வாய்க் கிரகத்துக்கு வா என்று கூப்பிட்டிருந்தாலும் வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன், சொல்லவும் சொன்னேன். ஹபீபா, ‘போறதுன்னா போங்க அங்கிள், நான் தடுக்கல. ஆனா இப்பப் போனீங்கன்னா சந்தனம் வெச்சவராத்தான் போவீங்க. பயிற்சிய முதல்லருந்து எடுத்து, பரீட்சை பாஸ் பண்ணி, வெசாரணைக்கும் வந்து உக்காருங்க, அப்புறமும் போகணும்னா போங்க’ என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அவள் மீன் கழுவிக்கொண்டே ‘அந்தப் பொண்ணு சொல்றது சரிதான், மொதல்ல போய்ப் படிங்க’ என்றாள். புதிதாகச் சேர்ந்த மிஸ்ஸிகளோடு நானும் வகுப்பில் உட்கார்ந்தேன், சொல்லிக் கொடுக்க வந்தது யார் என்கிறாய், அன்றைக்கு மீட்டருக்காக ஓடிய அதே மலர் மிஸ்ஸி. என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, அவளைக் குறை சொல்ல முடியாது. பரீட்சையன்று ஒரு மீட்டரைக் கையில் கொடுத்து, இதை வார்டுக்கு அனுப்பலாமா என்று சொல்லுங்கள் என்றாள். கை கழுவி, கிளவுஸ் போட்டு, அதற்கென்று உள்ள ஈரத்தாளால் துடைத்து, கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பட்டையைப் படிக்க வைத்து, கண்ட்ரோல் விட்டு, மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன். ‘அங்கிள், அந்தக் கண்ணாடியயே எத்தன தடவ பாப்பீங்க, போதும் லா, பாஸ்’ என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

விசாரணை போன வாரம் முடிந்தது. எழுத்தில் ஓர் எச்சரிக்கை, அது ஒரு வருஷம் என் பெயரில் இருக்கும், இருக்கட்டும், செய்ததற்குத்தானே. புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் இந்தச் சந்தனக் கதையை நானே சொல்ல வேண்டும் என்பது ஹபீபா போட்ட கூடுதல் தண்டனை. நேற்று முதல் தடவையாகச் சொன்னேன், மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நல்லம்மாள் வியர்த்துக் கிடந்த இடம் வந்ததும் சிரிப்பை விட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் வேலை நிரந்தரம் அமுதா. என் பேட்ஜைக் காட்டியதும் மீட்டர் திறந்து பரமேஸ்வரன் என்று திரையில் வந்தது. இனி நான் போவதா இருப்பதா என்பது என் கையில்தான் இருக்கிறது, நான் இருக்கிறேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. நான் வார்டுக்குள் நுழைந்தால் ‘அங்கிள் வந்துட்டாரு’ என்று யாராவது சொல்கிறார்கள், அது எனக்கு வேண்டும். நீ பாசத்தில்தான் கூப்பிடுகிறாய், எங்களுக்கு அறைகூடத் தயார் செய்துவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். ஆனாலும் அந்த அறையில் உட்கார்ந்து நான் உங்கள் டி.வி.யோடு சண்டை போடுவதை நீ பார்க்க வேண்டாம்.

இப்போது உன் விஷயம். கர்ப்பத்தில் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதற்குப் பயப்படாதே, இது நம் குடும்பத்துச் சொத்து, நான் கொடுத்ததுதான். விரலைக் குத்தும் முன் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள், பழம் உரித்த கையோடு குத்தினால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். நுனியில் குத்தாதே, ஓரத்தில் குத்து, வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதே. எண் கூடியிருந்தால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதே, மீட்டர் உள்ளதைச் சொன்னால் நீயும் உள்ளதைச் சொல்லு. அம்மா ஜனவரியிலேயே வந்து பிரசவம் முடிந்தும் நீ போதும் என்கிறவரை இருப்பாள், மிளகாய்த்தூள் இப்போதே அரைத்துவிட்டாள். நான் பிப்ரவரியில் வருகிறேன், மூன்று வாரம் லீவு ஹபீபாவிடம் கேட்டு வாங்கிவிட்டேன்.

நீயும் குழந்தையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, மாப்பிள்ளையோடு பல்லாண்டு நிறைவாக வாழ வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எனக்கு டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு, லீவு முடிகிற திங்கட்கிழமை காலையில் நான் வார்டில் இருக்க வேண்டும்.

உன் அன்பு அப்பா,
பரமேஸ்வரன்
(அம்மா தங்கமணியும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.)