இடக்கையன் நன்றாக ஆடிய வருடம்

இஞ்சாருங்கோ, என் ராசா,

எனக்கு இப்படித்தான் தொடங்க வருகிறது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தானே. குசினிக்குள் நின்று கூப்பிட்டால் ஹோலிலிருந்து "ஓம், சொல்லும்" என்று பதில் வரும். இப்போதும் சில நேரம் வாய் தவறிக் கூப்பிட்டுவிடுகிறேன். பிரிட்ஜ் உறுமுகிற சத்தம்தான் கேட்கிறது.

ஒரு புதினமான செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் இல்லாத இந்த வருடத்திலே உங்கள் இடக்கையன் நன்றாக ஆடினான். ஓம், அதே இடக்கையன்தான். நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

மற்றவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இடக்கையன் என்பது எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணியில் மூன்று வருடமாக ஆடுகிற ஒரு பெடியன். அவனுடைய உண்மையான பெயர் உங்கள் வாயில் ஒருநாளும் நுழையவில்லை. நீங்களும் இடதுகைக்காரர். பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதியதற்கு அடி வாங்கியவர், கோயிலில் திருநீற்றுக்கு இடது கையை நீட்டி ஐயரிடம் பேச்சு வாங்கியவர். அதனால்தான் அவன்மேல் அந்தப் பட்சம் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் சொன்ன காரணம் வேறு.

"பாரும், அவுட்டாகிப் போறான். மட்டையை எறியிறானோ? இல்லை. மற்றவங்கள் எறிஞ்சு உடைக்கிறாங்கள். உவன் நல்ல தாய் வளர்த்த பிள்ளை."

"அவுட்டாகாமல் நிண்டால் எறியிற கதையே வராதே" என்பேன் நான். அதற்கு ஒரு முறைப்பு முறைப்பீர்கள்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் இரண்டு வருடமும் அவன் ஆடிய ஆட்டம் கண்கொண்டு பார்க்க முடியாது. தாழ்வாக, வெளியே விலகிப் போகிற பந்துக்கெல்லாம் மட்டையை வீசுவான். அடிப்பது காற்றைத்தான். நீங்கள் செற்றியின் நுனியில் குந்திக்கொண்டு "விடடா! உந்தப் பந்தை விடடா!" என்று கத்துவீர்கள். பக்கத்து அப்பார்ட்மெண்ட்காரர் சுவரில் தட்டுவார். போன வருடம் பாதியில் அவனைக் கீழணிக்கு அனுப்பினார்கள். பேக்கரியில் உங்களோடு வேலை செய்தவர்கள் பகிடி பண்ணினார்கள் என்று அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். எனக்கு விசர் வந்தது.

"அவன் என்ன உங்கட அக்கா பெத்த மோனோ?" என்று கேட்டேன்.

"நீர் பாரும். ஒரு வருசம் அவன் நல்லா ஆடுவான். அந்த வருசம் நானும் நீரும் மைதானத்துக்குப் போறம். அதுவரைக்கும் எங்களுக்கு ரீவியே காணும்."

நீங்கள் எனக்குத் தந்த வாக்கு அது. இந்த நகரத்துக்கு வந்து இத்தனை காலத்தில் அந்த மைதானத்தின் வாசலை நாங்கள் மிதித்ததில்லை. முதலில் உங்கள் இரவு வேலை, பிறகு மகள் துளசியின் படிப்பு, பிறகு என் முழங்கால். அதற்குப் பிறகு இடக்கையன் திருந்த வேண்டும் என்று காத்திருந்தோம். கடைசியில் வைத்தியசாலை வந்து சேர்ந்தது.

சித்திரையில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆட்டங்கள் தொடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. கடைசியாகத் துளசியிடம் கேட்டது, "இடக்கையன் இறங்கினவனோ?" என்று. என்னிடம் கேட்டது தண்ணீர். அதில் எனக்கு ஒரு கோபம் உண்டு, இன்னும் ஆறவில்லை.

செத்தவீட்டுக் கிரியையில் ஐயர் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நட்சத்திரத்தைச் சொன்னேன். பெயர் வரவில்லை. வங்கியில் புருசனின் பெயர் கேட்டால்கூட அட்டையை எடுத்து நீட்டுகிறவள் நான். உங்கள் பெட்டிக்கு முன்னால் நின்று எப்படி வரும்? ஐயர் இன்னொரு தரம் கேட்டார். கடைசியில் உங்கள் அக்கா, புவனா மச்சாள், முன்னுக்கு வந்து தம்பியின் பெயரைச் சொன்னார்.

அந்தியேட்டி வரைக்கும் முப்பத்தொரு நாளும் வீட்டில் ரீவி போடவில்லை. அது முறை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அந்தக் கறுத்தத் திரைக்கு முன்னால் இருந்துதான் தேத்தண்ணி குடித்தார்கள். துளசி மட்டும் இடைக்கிடை போனைப் பார்ப்பாள், முகம் ஒரு மாதிரிப் போகும், எழும்பி அறைக்குள் போய்விடுவாள். யாரோ பெடியனாக்கும் என்று நினைத்தேன். அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, சொல்லலாமோ எண்டு தெரியேல்ல. அப்பாட ஆள் அடிக்கிறான். லைக், ரியலி அடிக்கிறான்."

ரீவியைப் போட்டோம். அவன்தான் நின்றான். தாழ்வாக, வெளியே விலகி ஒரு பந்து வந்தது. விட்டான். அதே மாதிரி இன்னொன்று வந்தது. அதையும் விட்டான். "விடடா" என்று யாரும் கத்தவில்லை, அவனாகவே விட்டான். மூன்றாவது பந்து நடுவில் வர, எடுத்து வெளியே அடித்தான். சனம் எழும்பிக் கத்தியது. நான் வாய்விட்டு அழுதேன். செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

அடுத்த நாள் உங்கள் படத்தைக் கழற்றி ரீவிக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டினேன். விளக்கையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். மார்க்கம் நகரிலிருந்து வந்த மச்சாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன ராணி, செத்த மனிசனுக்கு ரீவி காட்டுறீரோ?"

"வேற என்னத்தைக் காட்ட மச்சாள்? உயிரோட இருக்கேக்கையும் உந்த ரீவியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தவர்."

அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

வைகாசி, ஆனி, ஆடி என்று ஒவ்வொரு ஆட்டமாக இருந்து பார்த்தேன். சட்டங்கள் ஒன்றும் முழுதாக விளங்கவில்லை, ஆனால் எந்தப் பந்தை விட வேண்டும் என்று எனக்கே பிடிபட்டுவிட்டது. போன வருடம் அவனைக் கேலி பண்ணிக் கூவின சனமே இப்போது அவன் இறங்கும்போது எழும்பி நிற்கிறது. பேக்கரியில் உங்களைப் பகிடி பண்ணின ஒருவர் தமிழ்க்கடையில் என்னைக் கண்டு, "அண்ணை சொன்னவர் அக்கா, நாங்கள்தான் கேக்கேல்ல" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது. இதை நீங்கள் இருக்கும்போதே உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

ஆவணியில்தான் துளசி மற்றக் கதையைச் சொன்னாள்.

"அம்மா, அவன்ட கொன்றாக்ட் இந்த வருசத்தோட முடியுது. மோஸ்ட் லைக்லி போயிடுவான்."

"ஏன் போக வேணும்? இப்பதானே நல்லா ஆடுறான்?"

"அதுதான் அம்மா. நல்லா ஆடினபடியால் இனி வேற டீமெல்லாம் கேப்பினம். இங்க அவன்ட இடத்துக்கு ஒரு யங் பெடியன் ரெடியா இருக்கிறான்."

"கூடாமல் ஆடேக்க வைச்சிருந்தவை, நல்லா ஆடேக்க போக விடுகினமோ? உது என்ன நியாயம்?"

"அப்பிடித்தான் அம்மா நடக்கும்" என்றாள், சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களும் அப்படித்தானே செய்தீர்கள்? குடியை விட்டு, சீனியை விட்டு, வோபர்ன் தெருக்களில் காலையும் மாலையும் நடக்கப் பழகி, முகமெல்லாம் தெளிந்து, அப்பாடா இனி இந்த மனுசனோடு நிம்மதியாக இருக்கலாம் என்று நான் மூச்சுவிட்ட வருடத்தில்தானே வருத்தம் வந்து வைத்தியசாலைக்குப் போனீர்கள்? திருந்தினவர்களை ஏன் இந்த உலகம் வைத்துக்கொள்ளத் தெரியாமல் அனுப்புகிறது?

அப்போதுதான் உங்கள் வாக்கு ஞாபகம் வந்தது. நல்லா ஆடுற வருசம் போவம் என்றீர்கள். அது இந்த வருடம். அடுத்த வருடம் அவன் எந்த ஊரிலோ. மச்சாளிடம் போனில் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது.

"இன்னும் வருசம் திரும்பேல்ல, ஆட்டைத் திவசம் முடியேல்ல. கோயில் திருவிழாவுக்குப் போகேல்ல, என்ர பேத்தி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் வரேல்ல. விளையாட்டுப் பார்க்கப் போகப் போறீரோ?"

"திவசம் முடியுமட்டும் அவன் நிக்கமாட்டான் மச்சாள்."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊரும் வந்திருந்தால் அங்க காணட்டும்."

போனை வைத்துவிட்டார். நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுதான். ஆனால் சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை.

புரட்டாதிக் கடைசியில் ஒரு ஞாயிறு, பகல் ஆட்டம். இந்த வருடம் இங்கே அதுதான் கடைசி. எங்கள் அணிக்கு மேலே போக வழியில்லை என்று முன்னமே முடிவாகிவிட்டது. அவனுடைய எண் போட்ட உங்கள் சட்டையை நான் போட்டுக்கொண்டேன், முழங்கால் வரைக்கும் வந்தது. பொட்டில்லாத நெற்றியோடு அந்தச் சட்டையில் கண்ணாடியைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பஸ்ஸில் கென்னடி ஸ்டேசன் மட்டும் போய், அங்கிருந்து சப்வேயில் யூனியன் ஸ்டேசன். துளசி என் கையை விடவேயில்லை.

நீங்கள் சொன்னது சரி, ரீவியில்தான் கிட்டத் தெரியும். எங்கள் இருக்கை உச்சியில். அங்கிருந்து பார்க்க ஆட்கள் பெருவிரல் அளவு. அந்தப் பெருவிரல்களில் இடக்கையனைக் காணவில்லை.

"அம்மா, அவனை இறக்கேல்ல" என்றாள் துளசி. "அந்தச் சின்னப் பெடியனை இறக்கியிருக்கினம்."

அவன் ஓரத்தில், இறங்காதவர்கள் குந்துகிற வாங்கில் ஜக்கெற் போட்டுக்கொண்டு இருந்தான். பெரிய திரையில் ஒரு தரம் காட்டினார்கள். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, தன் வீட்டைப் பிறத்தியார் வந்து பார்ப்பதை ஒதுங்கி நின்று பார்க்கிறவன் மாதிரி ஒரு முகம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இதற்கா மச்சாளோடு கொளுவிக்கொண்டு வந்தேன்? இதற்கா இந்தச் சட்டையைப் போட்டேன்?

ஆட்டம் முடியப் போகிற நேரம், வேறொருவனுக்குப் பதிலாக அவனை அனுப்பினார்கள். சனம் முழுவதும் எழும்பி நின்றது. நானும் துளசியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். முதல் பந்து தாழ்வாக வெளியே போனது, விட்டான். பிறகு இரண்டை வீசித் தவறவிட்டான். கடைசியாக வந்தது அதே பந்து, தாழ்வாக, வெளியே விலகிப் போகிற பந்து.

"விடடா!" என்று நான் கத்தினேன்.

வீசினான். காற்றைத்தான் அடித்தான், அவுட்.

வருடம் முழுவதும் விட்ட பந்தை, நான் வந்த அன்றைக்கு அடிக்கப் போனான். ஆனால் இஞ்சாருங்கோ, மட்டையை எறியவில்லை. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, நாலாபக்கமும் ஒருதரம் சுற்றிப் பார்த்தான். அப்போது சனம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியது. முன்னுக்கு, பின்னுக்கு, கீழே, எல்லாரும் ஒரே பெயரை.

நானும் வாயைத் திறந்தேன். உங்கள் பெயர் வந்தது.

ஒருதரம் இல்லை. தொண்டை அடைக்கும் மட்டும் கூப்பிட்டேன். அத்தனை சத்தத்துக்குள் யாருக்கும் கேட்கவில்லை, துளசிக்கு மட்டும் கேட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அம்மா, அப்பாட பேர் சொல்லுறீங்கள்" என்றாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அவன் உள்ளே போய்விட்டான். நான் நின்றுகொண்டே இருந்தேன். "ஓம், சொல்லும்" என்று பதில் வரவில்லை. இனி வரவே வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்போது கார்த்திகை. வெளியே முதல் பனி கொட்டிக் கரைந்துவிட்டது. துளசி ஒவ்வொரு காலையும் போனைப் பார்த்து, "இன்னும் ஒண்டும் சொல்லேல்ல அம்மா" என்கிறாள். வேறு இரண்டு மூன்று ஊர்கள் அவனைக் கேட்கின்றனவாம். இங்கே கேட்பதாகத் தெரியவில்லை. அவன் நிற்க விரும்புகிறானா, போக விரும்புகிறானா? அதை யாரும் எழுதக் காணோம். மச்சாள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. உங்கள் சட்டையைத் தோய்த்து மடித்து வைத்துவிட்டேன். ரீவியில் இப்போது ஒன்றும் இல்லை, ஆனால் படத்தை அங்கிருந்து கழற்ற மனம் வரவில்லை.

அவன் நின்றாலும் சரி, வேறு ஊர்ச் சட்டையைப் போட்டாலும் சரி, சித்திரையில் அவன் இறங்கும்போது உங்களுக்கு முன்னால் ரீவி ஓடும். அதை விடுங்கள், அது சின்ன விசயம். உங்கள் ஆட்டைத் திவசமும் அப்போதுதான் வருகிறது. மச்சாளைக் காலில் விழுந்தாவது கூட்டிவருவேன். ஐயர் வந்திருந்து பெயர் என்ன என்று கேட்பார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். இந்த முறை உங்கள் அக்கா முன்னுக்கு வரத் தேவையில்லை. நான் சொல்லுவேன்.

நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட,
உங்கள் மனைவி