மாங்கூழ் கம்பெனியில் சீட்டுக் குலுக்கிய திங்கட்கிழமை

அம்மா,

இன்று காலை மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கிளிமூக்கு மாம்பழம் ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. வாசனை மூக்கில் ஏறியதும், அன்று கம்பெனிக்கு வந்த உங்கள் ஞாபகம். நீங்கள் காலமாகி இரண்டு வருஷம் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. நான் படிக்காதவன், சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எண்பதுகளில் ஒரு மாம்பழக் காலம். எங்கள் பக்கத்து மாங்கூழ் கம்பெனிக்கு டின் டின்னாகக் கூழ் புளித்துத் திரும்பி வந்தது. முதலாளி மெட்ராஸிலிருந்து உங்களை வரவழைத்தார். கம்பெனியில் யாருக்கு எந்த வேலை, ஏன் அந்த வேலை என்று பார்த்து, மாற்ற வேண்டியதைச் சொல்வது உங்கள் உத்தியோகம். வந்த அன்றே பார்த்துவிட்டீர்கள். பழம் பிரிக்கும் மேசை, அரியும் மேசை எல்லாம் ஊர்க்காரர்கள். தோலும் கொட்டையும் கொட்டுகிற பின்கட்டில் மட்டும் காலனி ஆட்களான நாங்கள். கூழாகப் போகிற பழத்தை நாங்கள் தொடக்கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

மறுநாள் எங்கள் பத்துப் பேரை மட்டும் கூப்பிட்டு, பாயில் உட்கார வைத்து, டீ கொடுத்து, "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்றீர்கள். எல்லாரும் டீயை ஊதிக்கொண்டிருந்தோம். வாய் திறந்தால் மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிடுவார். எனக்கு மூன்று பிள்ளைகள். ஆனாலும் பொறுக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்கள ஒதுக்கி உக்கார வெச்சுப் பேசறீங்க. அவங்களும் அதத்தானுங்களே பண்றாங்க?"

உங்கள் முகம் சிவந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன். நீங்களோ, "ஆமா, தப்புதான். என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்றீர்கள்.

"எல்லாரையும் ஒண்ணா நிக்க வெச்சுக் கையில பழத்தக் குடுங்க. யாருக்குப் பழம் தெரியுதுன்னு பாத்துரலாம்."

அடுத்த நாள் முதலாளி முன்னால் ஆளுக்கொரு கூடை. கூழுக்கு ஆகிற பழத்தைப் பொறுக்க வேண்டும். தோப்புக் காவலில் வளர்ந்த கை என்னுடையது. காம்படியில் கட்டைவிரலை வைத்தாலே உள்ளே கறுத்தது தெரிந்துவிடும். அரிந்து பார்த்தார்கள். என் கூடையில் ஒன்றுகூடக் கெட்டதில்லை. மேஸ்திரி பொறுக்கியதில் பாதி கெட்டது.

"டேய் மாதா, நீ தொட்ட பழத்த எவன்டா வாங்குவான்?" என்று மேஸ்திரி என்னைப் பார்த்துக் குதித்தார்.

அரியும் மேசையில் நின்ற பச்சியம்மா, ஊர்ப் பெண்தான், கத்தியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க மேஸ்திரி, தோப்புல மரமேறிப் பறிக்கறது யாரு? நீங்களா ஏறறீங்க?"

கொட்டகையே சிரித்தது. முதலாளியும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அத்தோடு அந்தச் சட்டம் செத்தது.

திங்கட்கிழமைதோறும் சீட்டுக் குலுக்கி அவரவர் இடம், மேஸ்திரி உட்பட, என்றீர்கள். எங்களுக்காகச் சீட்டில் எழுத்துக்குப் பதில் படம் வரைந்திருந்தீர்கள். நான் எடுத்ததில் பழம் இருந்தது. மேஸ்திரி எடுத்ததில் மண்வெட்டி. பின்கட்டுக்குப் போனார். "ஈ மொய்க்குதுங்க மேஸ்திரி, வெரசா வாரிக் கொட்டுங்க!" என்று பச்சியம்மா கத்தியது இன்னும் காதில் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் நாலு பேர் இந்த வேலையே வேண்டாம் என்று போனார்கள். மூன்று பேர் அடுத்த வருஷம் திரும்பி வந்தார்கள். நாலாவது ஆளுக்காக யாரும் அழவில்லை. பழ மேசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காம்படியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன்; அதற்குப் பிறகு டின்னும் திரும்பவில்லை.

புறப்படும்போது என்னிடம், "எத்தனையோ கம்பெனி பாத்துட்டேன் மாதன். என்னையே தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றீர்கள். நல்லது செய்ய வந்தவரிடமும் தப்பைத் தப்பென்று சொல்லலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதால் தெரிந்தது.

போன வாரம் காலனிக்கு வந்த அதிகாரி, எங்களுக்கென்று தனியாகக் கல்யாண மண்டபம் கட்டித் தருவதாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். "ஊர் நடுவுல கட்டுங்க சார். எல்லாருக்குமா இருக்கட்டும்" என்றேன்.

எழுதிக்கொண்டார், அம்மா.